பருத்தி விற்ற பிறகு பாடிய சரணம்

பாட்டு தொடங்கிப் பதினோரு நொடிதான் ஆகியிருந்தது. அதற்குள் ஓட்டுநர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் தனியார் பஸ். மதிய வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. நான் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் கையில் பரீட்சை அட்டை, அதில் செருகிய படிவங்கள். அவருடைய பாட்டுப்பெட்டியில் என் பென் டிரைவ். அதற்குள் என் பாட்டு.

என் பாட்டு என்றால், நான் எழுதியதும் இல்லை, பாடியதும் இல்லை, வாசித்ததும் இல்லை. நான் அதற்கு மிக்ஸிங் செய்தவள். குரல், கிதார், டிரம்ஸ் என்று தனித்தனியாகப் பதிந்து வைத்ததை, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று பார்த்து ஒரே பாட்டாக ஆக்குகிற வேலை அது. சரியாகச் செய்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது.

பாட்டின் தொடக்கத்தில் பேஸ் கிதார் மட்டும் இருபது நொடி தனியாக உறுமும். அந்த உறுமலைச் செய்ய எனக்கு மூன்று நாள் பிடித்தது.

"என்னமோ சத்தம் வருதே," என்றார் ஓட்டுநர்.

"கியர் பாக்ஸ் மாதிரி இருக்குண்ணே," என்றார் நடத்துநர்.

ஓட்டுநர் வண்டியை அணைத்தார். வண்டி அணைந்ததும் பாட்டுப்பெட்டியும் அணைந்தது. சத்தம் நின்றது.

"பாத்தியா? இன்ஜின ஆஃப் பண்ணதும் நின்னுடுச்சு. இன்ஜின்லதான்டா கோளாறு."

மறுபடி சாவியைத் திருகினார். பெட்டிக்கும் உயிர் வந்து, பாட்டை முதலிலிருந்து தொடங்கியது. உறுமல். அணைத்தார். அமைதி. இப்படி மூன்று முறை. பிறகு இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களை எழுப்பி, அவர்களுடைய கூடைகளை இறக்கி, மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார்.

"அண்ணே, அது பாட்டுங்க," என்றேன்.

தலை வெளியே வந்தது. "எது?"

"அந்தச் சத்தம். பேஸ் கிதார்ங்க."

என்னை ஒரு முறையும் இன்ஜினை ஒரு முறையும் பார்த்தார்.

"பாப்பா, நான் இருவது வருஷமா வண்டி ஓட்டுறேன். அது கியர் பாக்ஸ்."

பாட்டின் பெயர் 'நிற்காத பேருந்து'. ஊருக்குள் நிற்காமல் போகிற பஸ்ஸைத் திட்டி எழுதியது. அதைக் கேட்டு ஒரு பஸ் நின்றுவிட்டது என்று அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அந்தப் படிவங்களில் எனக்குப் பத்துக் கையெழுத்து தேவைப்பட்டது.

யாருமில்லீங்க

ஏன் பத்து என்று சொல்வதற்கு முன்னால் எனக்கிருக்கும் ஒரு வியாதியைச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு அது தெரிந்ததுதான்.

எங்கள் ஊர் பூலாம்பாடி பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் நிலைத்தவள் நான் ஒருத்திதான். கல்லூரியில் சேர்ந்தபோது முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க அப்பாவும் நானும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோம். ஒருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உங்க குடும்பத்துல வேற யாருமே படிக்கலையா?" என்று கேட்டார்.

"யாருமே இல்லீங்க," என்றார் அப்பா.

'யாருமே இல்லை' என்பதை ஒரு மனிதர் அவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மூத்த சித்தப்பாவையும் இளைய சித்தப்பாவையும் பெயர் சொல்லி, அவர்களும் படிக்கவில்லை என்று தாமாகவே சேர்த்துச் சொன்னார்.

க. வளர்மதி என்று என் பெயர் அச்சிட்ட அந்தக் காகிதத்தை அம்மா பிளாஸ்டிக் உறை போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அன்றிலிருந்துதான் அந்த வியாதி. நான் கை வைத்த எதிலும் என் பெயர் இருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் ஓர் ஒயரைச் சரி செய்தால்கூட அதில் ஒரு சீட்டு ஒட்டி 'வளர்மதி' என்று எழுதிவிடுவேன்.

கல்லூரியில் மூன்று பேர் ராக் இசைக்குழு தொடங்கினார்கள். கதிர் பாடுவான்; இப்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு விதைக்கடையில் வேலை பார்க்கிறான். இம்தியாஸ் பேஸ் கிதார், சாதாக் கிதார் இரண்டும் வாசிப்பான். பெரம்பலூரில் அவன் அத்தாவோடு பஞ்சர் கடையில் இருக்கிறான். ரேவதி டிரம்ஸ், அரியலூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மூன்று பேர் என்பதால் குழுவுக்கு 'மூணு ரோடு' என்று பெரம்பலூரில் இருக்கும் ஓர் இடத்தின் பெயரை வைத்தார்கள்.

ஊரில் நாலு ரோடு என்றும் ஓர் இடம் இருக்கிறது. மிக்ஸிங் செய்ய நான் சேர்ந்த பிறகு அந்தப் பெயருக்கு மாறலாமே என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

"நாலு ரோட்டுல டிராபிக் ஜாஸ்தி வளரு," என்றான் இம்தியாஸ்.

பஞ்சு மேல் நின்று

திருச்சியில் புதிய குழுக்களுக்காக ஒரு மேடை நிகழ்ச்சி நடத்தப்போகிறார்கள் என்று தெரிந்தது. ஒரே ஒரு பாட்டை அனுப்ப வேண்டும். கேட்டுவிட்டு எட்டுக் குழுக்களைக் கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தில் 'மிக்ஸிங்: ______' என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குரலைப் பதிய அறை வேண்டும். எதிரொலி இல்லாத அறை. ஸ்டுடியோக்களில் அதற்காகச் சுவரெல்லாம் மெத்தை ஒட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்தச் செலவே இல்லை. பருத்தி எடுத்து முடிந்த நேரம். விலை ஏறட்டும் என்று அப்பா உள்ளறையில் இடுப்பளவு குவித்து வைத்திருந்தார். மூன்று பக்கமும் பஞ்சு. உள்ளே நின்று கத்தினால் சத்தம் வாயை விட்டு இறங்கியதும் பஞ்சு விழுங்கிவிடும். கதிர் பருத்திக்குள் முழங்கால் புதைய நின்று முதல் சரணத்தைப் பாடினான். ஏழு முறை தும்மினான். தும்மலிலும் எதிரொலி இல்லை. அவ்வளவு சுத்தம்.

இரண்டாவது சரணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு.

வியாழக்கிழமை வியாபாரி வண்டியோடு வந்தார். அப்பா பருத்தியை விற்றுவிட்டார்.

"ஏம்ப்பா, ஞாயித்துக்கெழம வேல இருக்குன்னு சொன்னேன்ல?"

"பஞ்சு என்னம்மா பண்ணும், பாடுறவன்தான பாடணும்?"

ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் ஒரு காலண்டர் ஆணி இருந்தது, ஒரு பல்லி இருந்தது. பல்லி சொன்னால் இரண்டு முறை கேட்டது. இரவல் வாங்கிய மைக்கை மறுநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அங்கேயே பாட வைத்தேன். லேப்டாப்பில் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஆகவில்லை. அது என் தவறு. ஆனால் அதை ஒப்புக்கொள்ள அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

காற்று கம்மி

கருத்து சொல்வதில் நான் தாராளம். "நீ அடிக்கிறது, மழ வர்றதுக்குள்ள கொடியில துணி எடுக்கிற மாதிரி இருக்கு" என்று ரேவதியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை. அதையும் நான் என் கருத்தின் கூர்மைக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

வாங்கிக்கொள்வதுதான் சிரமம். என்ன செய்வது, எங்களில் யாருக்கும் ஸ்டுடியோ வார்த்தைகள் தெரியாது. அவரவர் தொழில் வார்த்தையில்தான் சொன்னார்கள்.

"காத்து கம்மியா இருக்கு வளரு, இன்னும் ரெண்டு அடி அடிக்கணும்," என்றான் இம்தியாஸ்.

"கிட்டப் பார்வ நல்லாயிருக்கு. தூரத்துல மங்குது," என்றாள் ரேவதி.

"மொளைப்பு பத்தல," என்றான் கதிர்.

"எந்த எடத்துல?"

"மொத்தமாவே. போட்டு எட்டு நாள் ஆச்சு, தல தூக்கல."

நான் இதற்காக ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் அவர்கள் சொன்னது, வலது பக்கம் அதன் அர்த்தம். ஒரு வாரத்தில் வலது பக்கம் முழுவதும் ஒரே வரியாகிவிட்டது: 'என்னுடையதைக் கூட்டு.' மூன்று பேர் கேட்டபடியும் கூட்டினேன். எல்லாமே கூடியதால் யாருக்கும் எதுவும் கூடியதாகத் தெரியவில்லை. மறுபடி காற்று கம்மியானது.

படித்தவள் என்ன செய்வாள்? படிவம் அடித்தேன். ஜெராக்ஸ் கடையில் ஐம்பது பிரதி. 'கருத்துப் படிவம்' என்று மேலே தடித்த எழுத்து. கீழே கட்டங்கள்: பெயர், எந்த நிமிடத்தில், என்ன செய்ய வேண்டும், நன்று அல்லது மோசம், கையெழுத்து. இனிமேல் வாயால் சொல்லும் கருத்து ஏற்கப்படாது என்று அறிவித்தேன்.

கதிர் முதல் படிவத்தை நிரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பினான். 'எந்த நிமிடத்தில்' என்ற கட்டத்தில் 'டீ குடிக்கும்போது' என்று எழுதியிருந்தான்.

இறுதி எட்டு

அப்போதுதான் அந்தத் தில்லுமுல்லைச் செய்தேன். 'இறுதி ஏழு' என்ற கோப்பை ஒரு துளியும் மாற்றாமல், 'இறுதி எட்டு' என்று பெயர் மட்டும் மாற்றி அனுப்பினேன்.

"இப்பதான் காத்து சரியா இருக்கு," என்றான் இம்தியாஸ்.

"இப்ப நல்லாத் தெரியுது," என்றாள் ரேவதி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவர்களுக்குக் காதே இல்லை, காது எனக்குத்தான் இருக்கிறது என்று நிரூபணமாகிவிட்டது. அதனால்தான் கதிர் அடுத்துச் சொன்னது என் மண்டையில் ஏறவில்லை.

"எல்லாம் சரி வளரு. ரெண்டாவது சரணத்துல மட்டும் நான் கெணத்துல நிக்கிறேன்."

"அது கான்செப்ட்," என்றேன்.

"என்ன கான்செப்ட்?"

"தனிமை."

"மொத சரணத்துல தனிமை இல்லியா? அதுலயும் பஸ்ஸு நிக்கலதான?"

"அப்ப அடுத்த பஸ் வரும்னு நம்பிக்க இருக்கு."

"அது சரி. ஆனா கெணறு மாதிரிதான் இருக்கு," என்றான். அடுத்த நாளும் சொன்னான். அதற்கடுத்த நாள், திருச்சியில் ஓர் அண்ணன் ஸ்டுடியோ வைத்திருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. கோட்டில் அந்த அண்ணன் பெயர்தான் வரும்.

நான் குரலை உயர்த்தினேன். மூன்று ரோடும் ஒரே பக்கம் நின்றன. கடைசியில் இம்தியாஸ் ஒரு வழி சொன்னான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டு தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது பஸ்தான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எல்லோரும் பஸ், எல்லா பஸ்ஸிலும் பாட்டு. பஸ்ஸில் நன்றாகக் கேட்டால் எங்கும் நன்றாகக் கேட்கும். ஆகவே வியாழக்கிழமை அரியலூர் பஸ்ஸில் பாட்டைப் போடுவது. பத்துப் பயணிகள் 'நன்று' என்று கையெழுத்துப் போட்டால் என் மிக்ஸ், என் பெயர். ஒன்பது என்றால் திருச்சி அண்ணன். அனுப்பக் கடைசி நேரம் ஞாயிறு மாலை ஆறு மணி. கண்காணிக்க இம்தியாஸ் கூடவே வருவான்.

"போடுங்கடா. இருவது வாங்கிட்டு வரேன்," என்றேன்.

இருபத்து மூன்று பேர்

ஓட்டுநர் ஒரு வழியாக இன்ஜின் மூடியைச் சாத்தினார். கியர் பாக்ஸை அரியலூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டார். நான் படிவங்களோடு நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நடந்தால் அவள் யார் என்று யாரும் கேட்பதில்லை. கணக்கெடுக்க வந்தவள். அவ்வளவுதான்.

"எழுதிக்க பாப்பா. எங்க தெருவுல லைட்டு எரியல," என்றார் முன் சீட்டில் ஒருவர்.

"ஐயா, இது பாட்டுக்குங்க. இப்ப ஓடுதே, அது."

"பாட்டு ஓடட்டும். நீ லைட்ட எழுது."

அவருக்குப் பின்னால் இருந்தவர் அட்டையை வாங்கித் தானே எழுத ஆரம்பித்தார். அட்டை என் கையை விட்டுப் போய்விட்டது. சீட்டு சீட்டாக நகர்ந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கிதார் மட்டும் தனியாக ஓடும் இடத்தில் யாரோ கூடையில் வைத்திருந்த சேவல் கூவியது. சுருதி சேர்ந்திருந்தது என்று இம்தியாஸ் இன்றும் சொல்கிறான்.

அட்டை திரும்பி வந்தபோது இருபத்து மூன்று கையெழுத்துகள். நிழற்குடை வேண்டும். ஆட்டுக் கொட்டகைக்கு மானியம் வேண்டும். மருமகன் குடிக்கிறான். 'எந்த நிமிடத்தில்' என்ற கட்டத்தில் ஒருவர் 'இரண்டு வருடமாக' என்று எழுதியிருந்தார். 'நன்று அல்லது மோசம்' என்பதில் பெரும்பாலோர் மோசம் என்று வட்டமிட்டிருந்தார்கள். அது பாட்டைப் பற்றியா, சாலையைப் பற்றியா என்று எனக்குத் தெரியவில்லை.

பின் சீட்டிலிருந்து இம்தியாஸ் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர்.

அப்போது பாட்டு மறுபடி இரண்டாவது சரணத்துக்கு வந்தது. என் பக்கத்துச் சீட்டில் ஓர் அக்கா கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். உடைப்பதை நிறுத்தினார்.

"இந்தப் பையன் வேற வூட்டுக்குப் போயிட்டானா?" என்றார்.

"இல்லீங்க்கா. அதே வீடுதான்."

"அப்ப பருத்திய வியாபாரிக்குப் போட்டுட்டீங்க."

"எப்படிங்க்கா தெரியும்?"

"என்னா எப்படி? பருத்தி இருக்கிறப்ப வூட்ல எம்புட்டு கத்துனாலும் எம்மவளுக்குக் கேக்காது. போட்ட மறுநாளு மெல்லப் பேசுனாலே வூடு திருப்பிப் பேசும். வருஷா வருஷம் பாக்கறதுதான." ஒரு கடலையை வாயில் போட்டார். "மொதல்ல நெறஞ்ச வூட்ல பாடுனான். இப்ப காலி வூட்ல பாடுறான். பாட்டுல அப்படி ஏதும் கத இருக்கா?"

"தனிமைங்க்கா," என்றேன்.

"தனிமையும் இல்ல ஒண்ணும் இல்ல. வெல கொறச்சலா போட்டுட்டீங்க போல. எங்க வூட்ல இன்னும் போடல. எங்க வூட்டுக்காரரு ஏறும் ஏறும்னு குந்தியிருக்காரு."

நான் படிவத்தைக் கீழே வைத்தேன். அந்த அக்காவின் பெயர் சித்ரா. வீடு அரியலூருக்கு முன்னால் மூன்று ஸ்டாப். போன் நம்பர் வாங்கினேன். "ஞாயித்துக்கெழம வந்து பாடிட்டுப் போங்க, பஞ்ச மட்டும் மிதிச்சு அழுக்காக்கக் கூடாது," என்றார்.

பதினோரு தடவை

அன்று சாயங்காலம் குழுவில் மூன்று விஷயம் எழுதி அனுப்பினேன். அதை அனுப்ப எனக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கையெழுத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. கிணறு கான்செப்ட் இல்லை, பருத்தி விற்றுப்போனது. எட்டும் ஏழும் ஒரே கோப்பு.

கதிர் போன் செய்தான். "எட்டு ஏழுதானா?"

"ஆமா."

"அதான் ரெண்டும் நல்லாருந்துச்சு."

ஞாயிறு காலை கால் கழுவிக்கொண்டு சித்ரா அக்கா வீட்டு உள்ளறையில் ஏறினோம். மூன்று பக்கமும் பருத்தி கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கதிர் நடுவில் தாழ்வாக இருந்த பருத்தி மேட்டில் நின்றான். மறுபடி இரவல் வாங்கிய மைக்கை நான் பிடித்தேன். முதல் தடவை பாதியில் தும்மினான். இரண்டாவது தடவை முடிந்தபோது வாசலில் வண்டிச் சத்தம். வியாபாரி.

அவ்வளவு நாள் குந்தியிருந்த மனிதர், சித்ரா அக்காவின் வீட்டுக்காரர், அன்றைக்குத்தான் எழுந்தார். "சரியான வெல சொல்றாரு. இன்னிக்கே போட்டுடலாம்."

"ஐயையோ அண்ணே, நாளைக்கிப் போடுங்கண்ணே," என்றேன்.

"நாளைக்கி அவரு வர மாட்டாரும்மா."

"ஆறு மணிக்கு நாங்க அனுப்பணும்ண்ணே!"

"அவரு மூணு மணிக்குள்ள ஏத்தணுமே!"

சித்ரா அக்கா இடுப்பில் கை வைத்து நடுவில் நின்று தீர்ப்பு சொன்னார். "அவங்க அள்ளட்டும். நீங்க பாடுங்க. அள்ளுறவங்க வாயத் தொறக்கக் கூடாது."

அப்படித்தான் நடந்தது. நான்கு பேர் பருத்தியை அள்ளி மூட்டை கட்டினார்கள். நான் கையைத் தூக்கினால் அப்படியே சிலையாக நிற்பார்கள். ஒருவர் பாதி குனிந்தபடி ஒரு சரணம் முழுக்க நின்றார். கையை இறக்கினால் அள்ளுவார்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் பத்து மூட்டை வெளியே போனது. கதிர் நின்ற மேடு இறங்கிக்கொண்டே வந்தது. மைக்கை நானும் இறக்கிக்கொண்டே வந்தேன்.

வாசற்படியிலிருந்து சித்ரா அக்கா கருத்து சொன்னார். அவருக்குப் படிவம் தேவைப்படவில்லை.

"தம்பி, பஸ்ஸு போயிடுச்சுன்னு பாடுற. மூஞ்சியப் பாத்தா பஸ்ஸு வர்ற மாதிரி இருக்கு."

கதிர் மூஞ்சியை மாற்றிக்கொண்டான். நான் ஒரு மாதமாகச் சொல்லியும் மாற்றாத மூஞ்சி அது.

பதினோராவது தடவை பாடும்போது தரை தெரிந்தது. மூலையில் ஒரு கைப்பிடிப் பஞ்சு. கதிரின் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மறுபடி கிணறு. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று மணி. இரண்டாவது, மூன்றாவது தடவைகள்தான் சுத்தம். அவற்றை எடுத்து ஒட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். அந்தச் சரணத்தின் வரிகளைப் பார்த்தேன். கதிர் எழுதியவை. பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகிறார்கள்.

'வெள்ளரிக்கா அக்கா போயாச்சு, வெத்தல மாமா போயாச்சு, நாயும் எழுந்து போயாச்சு, நெழலும் நகந்து போயாச்சு.'

முதல் வரியை இரண்டாவது தடவையிலிருந்து எடுத்தேன். அடுத்த வரியை ஐந்தாவதிலிருந்து. அதற்கடுத்ததை எட்டாவதிலிருந்து. கடைசி வரியைப் பதினொன்றிலிருந்து. வரிக்கு வரி வீடு காலியானது. நிரம்பிய அறையில் தொடங்கிய சரணம் காலி அறையில் வந்து நின்றது. பொய்யாகச் சொன்ன கான்செப்டை இப்போது நானே கூலி கொடுக்காமல் ஆள் வைத்துச் செய்திருந்தேன்.

போட்டுக் காட்டினேன். சித்ரா அக்கா காலி அறையை எட்டிப் பார்த்தார்.

"கரெக்டா இருக்கு," என்றார். "கடைசியில தொடச்சிட்டுப் போயிட்டாங்க."

"கதிரு, நீ சொல்லு," என்றேன். கையில் படிவம் இல்லை.

"கெணறுதான்," என்றான். "ஆனா இப்ப படி வெச்ச கெணறு. எறங்குறது தெரியுது."

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரேவதிதான் விண்ணப்பத்தை நிரப்பினாள். மிக்ஸிங் என்ற கோட்டில் 'க. வளர்மதி' என்று அடித்துவிட்டு, "இனிஷியல் சரியா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

கை தூக்கியவள்

எட்டுக் குழுக்களின் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. அதன் கீழே காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று இருந்தது. அதில் நாங்கள் முதலிடம். யாராவது வராமல் போனால் கூப்பிடுவார்கள். அப்பாவிடம் சொன்னேன். 'முதல்' என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் விழுந்தது. தெருவில் நான்கு பேருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

போன மாதம் அதே பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் அடையாளம் கண்டுகொண்டார். "கியர் பாக்ஸ் பாப்பா! பென் டிரைவ் இருக்கா?" இருந்தது. எப்போதும் இருக்கும்.

உறுமல் வந்தது. அவர் நிறுத்தவில்லை. பின்னால் திரும்பி எல்லோருக்கும் சொன்னார்: "யாரும் பயப்படாதீங்க. இது பாட்டு."

பாட்டு ஓடியது. ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் தொடையில் தாளம் போட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இரண்டாவது சரணம் வந்தது, வீடு காலியானது, பாட்டு முடிந்தது. உறுமல் மட்டும் நிற்கவில்லை.

"அண்ணே," என்றேன்.

"கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். நல்லாருக்கு."

"அண்ணே, பாட்டு முடிஞ்சிடுச்சுங்க."

"இல்லம்மா, வருதே."

அவர் சத்தத்தைக் கூட்டினார். பெட்டியில் ஒன்றும் இல்லை. உறுமல் கூடியது, பிறகு கடகடவென்று ஆனது, பிறகு பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி, இந்தப் பக்கமும் ஊர் இல்லாமல் அந்தப் பக்கமும் ஊர் இல்லாமல், சோளக்காட்டுக்கு நடுவில் நின்றது. மூடியைத் திறந்தார்கள். புகை வந்தது. இந்த முறை கியர் பாக்ஸ்தான்.

ஐம்பது பேர் வெயிலில் இறங்கி நின்றார்கள். ஆட்டுக்குட்டி கத்தியது. நடத்துநர் நடந்ததை ஒவ்வொருவருக்கும் விளக்கினார். இந்தச் சத்தத்தில் ஒரு பாட்டு இருக்கிறது, அதனால்தான் அண்ணன் ஏமாந்துவிட்டார் என்று. தொடையில் தாளம் போட்ட அதே மனிதர் கோபமாக முன்னால் வந்தார்.

"யாருய்யா அது? அச்சு அசலா கியர் பாக்ஸ் மாதிரியே மிக்ஸிங் பண்ணது?"

என் வாழ்நாளில் என் வேலைக்கு அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. கூட்டத்துக்கு நடுவில் கையைத் தூக்கினேன்.

"நான்தாங்க," என்றேன். "க. வளர்மதி. பி.இ."